துணி கொடுக்காத விருந்து

படகில் அரிசி குறையக் குறையப் படகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். வெளிப்பலகையில் ஈரம் காய்ந்த கோடு ஒன்று தெரியும். ஜெயன் அந்தக் கோட்டைப் பார்த்தே சாமான் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று சொல்லிவிடுவான். டிரம்மைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

அது ஒரு ஒப்பந்தக்காரரின் படகு. கால்வாயின் ஆழம் அளக்கும் வேலை. திருவனந்தபுரத்தில் வள்ளக்கடவில் தொடங்கி, பார்வதி புத்தனாறு வழியாக ஆக்குளம் காயல், கடினங்குளம், அஞ்சுதெங்கு என்று வடக்கே போக வேண்டும். அளப்பதற்கு இயந்திரம் உண்டு. ஆனால் ஆகாயத்தாமரை என்கிற குளவாழை மண்டிய இடத்தில் அது செடியின் வேரைத் தரை என்று காட்டிவிடும். அங்கெல்லாம் ஈயக்குண்டு கட்டிய கயிறுதான். கயிற்றில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சிவப்புத் துணி முடிச்சு.

அளக்கிறவர்கள் இரண்டு பேர். படகோட்ட கிரீஷ். சமையலுக்கு ஜெயன். வெள்ளிக்கிழமை மாலை மற்ற மூவரும் வீட்டுக்குப் போவார்கள். திங்கள் காலை திரும்புவார்கள். இடையில் படகுக்கும் சாமானுக்கும் ஜெயன் காவல். அதற்கென்று அவனுக்குத் தனியாக எதுவும் கிடையாது. அவனும் கேட்டதில்லை. போக வேறு இடம் உள்ளவன்தான் அதைக் கேட்பான்.

சுற்றிலும் தண்ணீர் இருந்தாலும் வாயில் வைக்க முடியாத தண்ணீர். நகரத்தின் சாக்கடை எல்லாம் வந்து சேர்கிற இடத்தில் பாத்திரம் கழுவக்கூட அதைத் தொட மாட்டான். குடிக்கிற தண்ணீர் நீலக் கேன்களில், படகின் நடுவில், தரைப்பலகைக்குக் கீழே இருந்தது. ஒரு கேன் காலியானால் எதிர்ப்பக்கத்துக் கேன் ஒன்றை நடுவுக்கு நகர்த்துவான். இல்லாவிட்டால் படகு சரியும். அரிசி மூடியுள்ள டிரம்மில். தீப்பெட்டியும் உப்பும் ஹார்லிக்ஸ் பாட்டில்களில். முட்டை அரிசிக்குள். கருவாடு தகர டப்பாவில், டப்பா எலிக்குப் பயந்து கூரைக் கம்பியில். சின்ன வெங்காயம் வலைப்பையில், அதுவும் கூரையில்தான் தொங்கியது. கூரைக்கு மேலே ஒரு சூரியத் தகடு. அதிலிருந்து கிடைக்கிற கரண்டில் ஒரு விளக்கு எரியும், போன்கள் சார்ஜ் ஆகும், எப்போதாவது மிக்ஸி ஓடும். அம்மி கனம் என்று கிரீஷ் ஏற்ற விடவில்லை.

கிரீஷ் மலையாளத்தில் பேசுவான். ஜெயன் தமிழில் பதில் சொல்வான். அது இரண்டு மொழி என்று இருவருக்கும் தோன்றியதில்லை.

ஜெயன் பாறசாலைக்குத் தெற்கே, எல்லையை ஒட்டிய ஊர்க்காரன். முதலில் தம்பானூரில் ஒரு லாட்ஜின் அடுக்களையில் வேலை பார்த்தான். பிறகு கடலில் மீன்பிடி விசைப்படகுகளில் சமையல். பத்து நாள் கடல், இரண்டு நாள் கரை. கரைக்கு வந்த இரண்டு நாளும் தூங்குவான். ராகேலைக் கட்டி, ஆர்ஷா பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும்வரை அப்படித்தான் ஓடியது. பிறகு அவன் வீட்டுக்குப் போகாமல் இருந்தான். முதலில் ஒரு மாதம். பிறகு ஒரு ஈஸ்டர். பிறகு ஒரு கிறிஸ்துமஸ். சண்டை எதுவும் இல்லை. குடி இல்லை. வேறு பெண்ணும் இல்லை. ராகேல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அண்ணன் யோசுவா வீட்டோடு போய்விட்டாள் என்பதையே அவன் மூன்றாம் ஆளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டான். யோசுவாவுக்குப் பாறசாலையில் டயர்க் கடை. சர்ச்சில் முன்வரிசை ஆள். ஆர்ஷாவைப் படிக்க வைத்தது அவர்.

யாருக்கு உறைப்பு வேண்டும், யாருக்குச் சோறு குழைய வேண்டும், யார் மோரில் உப்பு போடமாட்டார்கள் என்பதெல்லாம் ஜெயனுக்கு மனப்பாடம். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, பானையின் மூடியைத் திருப்பி அதில் மிச்சத்தைப் போட்டு, அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவான். அவன் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. அவனுக்கு என்ன பிடிக்கும் என்று கிரீஷிடம் கேட்டால் அவன் யோசிப்பான்.

அந்த ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆர்ஷா போன் செய்தாள். வருடத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸுக்குச் செய்வாள். ஜூனில் செய்ததில்லை.

"அப்பா, கல்யாணம் நிச்சயமாயிருக்கு."

"யாரு பையன்?"

"அபிலாஷ். நெய்யாற்றின்கரையில எலக்ட்ரிகல் கட."

"நல்லவனா?"

"பேசிட்டே இருப்பான்."

"அது நல்லதாக்கும்."

பிறகு அவள் பேசவில்லை. எதற்கோ காத்திருப்பது போல இருந்தது. ஜெயன் என்ன சொல்வது என்று யோசித்தான். கல்யாணம் நிச்சயமான பெண்ணைச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டு, கையில் ஒரு சேலை கொடுத்து அனுப்புவது அவர்கள் பக்கத்து வழக்கம். அவனுக்கு அது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததே பெரிதாக இருந்தது.

"மக்ளே, நீ ஒரு நாளு எனக்க இடத்துக்கு விருந்துக்கு வரணும்."

"விருந்துக்கா?"

"ஆமா. எல்லாரும் விளிச்சிருப்பாவல்லா? நானும் விளிக்கண்டாமா?"

அந்தப் பக்கம் ஏதோ பஸ் ஹாரன் அடித்தது.

"சரி, ஞாயித்துக்கிழமை வாறேன்" என்றாள் ஆர்ஷா.

வியாழக்கிழமை சாமான் வாங்கப் போன கிரீஷிடம் ஒரு சேலையும் வாங்கச் சொன்னான். கிரீஷ் சாலைக் கடைத்தெருவில் நின்று தன் மனைவிக்கு போட்டோ அனுப்பி, அவள் சொன்னதை வாங்கி வந்தான். கருநீலம், மெல்லிய கரை.

"சேட்டனுக்குக் கல்யாணமா?"

"மகளுக்குடா."

"மகளா? சேட்டனுக்கு மகளுண்டா?" கிரீஷ் சிரிப்பை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தான். "இத்தன நாளு ஒண்ணா சோறு திங்கறோம், சொல்லவே இல்லியே."

ஒன்றாக எங்கே தின்றோம் என்று ஜெயன் கேட்கவில்லை. சேலையை இரண்டு பிளாஸ்டிக் உறையில் சுற்றி அரிசி டிரம்முக்குள் அடியில் புதைத்தான். படகில் ஈரம் ஏறாத இடம் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை அவர்கள் போகும்போது படகு ஆக்குளம் பாலத்தடியில் நின்றது. மழை இரண்டு நாளாக விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கிரீஷ் கரையில் நின்று திரும்பினான்.

"சேட்டா, படகு இங்கேந்து அனங்கக் கூடாது, கேட்டோ. மழை வலுத்தா வேளியில பொழி வெட்டும். தண்ணி எல்லாம் கடலுக்குப் போகும்."

வேளி என்ற இடத்தில் காயலுக்கும் கடலுக்கும் நடுவே அலை கொண்டுவந்து குவிக்கிற மணல்மேடுதான் பொழி. மழைக்காலத்தில் காயல் நிரம்பி நகரத்தின் தாழ்ந்த வீடுகளுக்குள் ஏறும்போது ஜேசிபி வந்து அந்த மேட்டை வெட்டிவிடும்.

"பொழி பாக்காதவனாடா நான்? நீ போ."

சனிக்கிழமை காலை அவன் பாலத்தடியில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். நகரத்திலிருந்து வரும் ஓடை அங்கேதான் காயலில் விழுந்தது. இத்தனை வாரத்தில் அந்த நாற்றம் அவனுக்கு இல்லாமலே போயிருந்தது. இப்போது ஆர்ஷாவின் மூக்கால் முகர்ந்தபோது அது திரும்பி வந்தது. இங்கே உட்கார வைத்து எப்படிச் சோறு போடுவது?

மேற்குக் கரையில் ஒரு தென்னந்தோப்பு. அங்கே கடல்காற்று வரும். மூங்கில் கழியை ஊன்றித் தனியாகவே படகைத் தள்ளிக்கொண்டு போனான். சின்ன வள்ளத்தைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டான். தோப்புக்கு முன்னால் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நங்கூரம் போட்டான். வள்ளத்தில் போய் அவளை ஏற்றிக்கொண்டு வரலாம். தோப்புக்கு வரும் வழியை ஆர்ஷாவுக்குப் போனில் சொன்னான். கயிற்றை விட்டுப் பார்த்தான். ஆழம் அதிகமில்லை. ஆனால் போதும். சூரியன் வந்தால் தண்ணீர் பளபளக்கும். நன்றாக இருக்கும்.

வலை வீசிக்கொண்டு போன ஒருவரிடம் கரிமீன் வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்தான். சாயங்காலம் மழை பிடித்தது. விடவில்லை.

காலையில் கண் விழித்ததும் எதுவோ குறைந்தது. படுத்தபடியே யோசித்தான். படகு ஆடவில்லை. மேலே பார்த்தான். வெங்காயப்பை கூரையிலிருந்து நேராகத் தொங்காமல் ஒரு பக்கமாக, பலகைச் சுவரைப் பார்த்துச் சரிந்து தொங்கியது. பை நேராகத்தான் தொங்குகிறது, சரிந்திருப்பது படகு என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வெளியே வந்தான். தண்ணீர் இல்லை. சேறு. கரைவரை கருப்பாக, பளபளவென்று சேறு. தூரத்தில் காயலின் நடுவில் மட்டும் ஒரு கோடுபோலத் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தடியில் தண்ணீர் இருந்தது. நேற்றுவரை படகு நின்ற இடத்தில். கொக்குகள் கூட்டமாக வந்து இறங்கிச் சேற்றில் துடிக்கிற மீன்களைப் பொறுக்கின. வள்ளம் அவனுக்குப் பின்னால் ஒரு செருப்பைப்போலக் கவிழ்ந்து கிடந்தது.

கழியை ஊன்றிக்கொண்டு ஒரு காலை இறக்கினான். முழங்கால் போனது. தொடை போனது. அடி தட்டவில்லை.

"எலேய், எறங்காதே!"

கரையில் குடையும் தூண்டிலும் வாளியுமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஜெயனுக்கு முன்பே தெரிந்த முகம். பூதலிங்கம். நாஞ்சில் நாட்டுக்காரர். கரமனையில் வீடு. கணக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி மீன்பிடிக்க வருவார். பிடித்து ஜெயன் பார்த்ததில்லை.

"போன வருசம் ஒரு எருமை இதுல எறங்கிச்சு பாத்துக்க."

"கெடச்சுதா அண்ணாச்சி?"

"கொம்பு கெடச்சுது."

ஜெயன் காலை இழுத்தான். சேறு உறிஞ்சிக்கொண்டு விட்டது. ஒரு செருப்பு போய்விட்டது.

"தண்ணி இல்லாத காயல்ல அண்ணாச்சி எதுக்கு வந்தீரு?"

"வீட்டுல இருந்து என்ன செய்ய?" பூதலிங்கம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஜெயன் சமையலைத் தொடங்கினான். சாய்ந்த அடுப்புக்கு அடியில் மரக்கட்டை செருகினான். அப்படியும் எண்ணெய் சட்டியின் ஒரு பக்கமாக ஒதுங்கியது. சோறு சரிந்தே வெந்தது. கரிமீனுக்கு முள் அதிகம். ஆர்ஷா முள்ளெடுத்துக் கொடுத்தால்தான் மீன் தின்பாள். அதுதான் அவனுக்குத் தெரிந்த ஆர்ஷா. அவள் வயது ஏழு. மீனை லேசாக ஆவியில் வேகவைத்து, ஒவ்வொரு முள்ளாக உருவி, சதை உடையாமல் தனியே எடுத்து வைத்தான். தேங்காய் அரைக்க மிக்ஸியை ஓடவிட்டான். நைஸாக அரைபட வேண்டும். மறுபடியும் ஓடவிட்டான். பேட்டரியின் பச்சை விளக்கு சிவப்பானது, பிறகு அணைந்தது. மழையில் தகடுக்கு வெயிலே கிடைத்திருக்கவில்லை. போனைச் சார்ஜில் போட்டிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் தோன்றியது.

மத்தியானம் தோப்பு ஓரம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பச்சைச் சுரிதாரில் ஒரு பெண் குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள். நடை ராகேலின் நடை. போன் அடித்தது.

"அப்பா, எங்க நிக்கீங்க?"

"உனக்கு நேரா."

அவள் தலையைத் தூக்கினாள். அவன் கையைத் தூக்கினான்.

"படகு ஏன் சரிஞ்சு கெடக்கு?"

"பொழி வெட்டி..." என்றான். போன் அணைந்தது.

அவள் தன் போனைப் பார்த்துவிட்டுக் காதில் வைத்தாள். மறுபடி பார்த்தாள். அவன் தன் போனைத் தூக்கிக் காட்டிக் கையை விரித்தான். பிறகு இருவரும் கத்த வேண்டியிருந்தது.

"நான் எப்பிடி வாறது?"

"வர முடியாது மக்ளே!"

"நீங்க வாங்க!"

"எறங்க முடியாது!"

பூதலிங்கம் திரும்பிப் பார்த்தார். "நீ ஆரு பிள்ளே?"

"அவருக்க மக."

"என்ன காரியம்?"

"கல்யாணம் வருது. விருந்துக்கு விளிச்சாரு."

"ஆரு? உங்கப்பனா?" பூதலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெத்த அப்பன் எங்கியாவது மகளை விருந்துக்கு விளிப்பானா? விருந்துக்கு விளிக்கது சொந்தக்காரன்லா! அப்பன் வீடு உனக்க வீடு. அங்க நீ சட்டியில கையவிட்டுத் திங்கணும்."

அவர் சாதாரணமாகப் பேசினாலே தோப்பு முழுக்கக் கேட்கும். படகுக்கும் கேட்டது. ஜெயன் கையில் கரண்டியோடு நின்றான்.

ஆர்ஷா சிரிக்கவில்லை. குடையை மடக்கினாள். மழை நின்றிருந்தது.

"அதைத்தான் அம்மையும் சொன்னா!" என்று படகைப் பார்த்துக் கத்தினாள். "அன்னைக்கு நான் போன் பண்ணினது எதுக்குன்னு தெரியுமா? சர்ச்சுல என்னை ஆரு கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போவான்னு கேக்கத்தான். மாமாவா நீங்களான்னு. கேக்கதுக்கு முன்ன நீங்க விருந்துக்கு வான்னு சொல்லிட்டீங்க!"

ஜெயன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"மாமா சொன்னாவ, விருந்துக்கு விளிச்சாச்சுல்லா, அப்போ அவரு முடிவு பண்ணிட்டாரு, அவரு சொந்தக்காரரு, நானே கூட்டிட்டுப் போறேன்னு. நான் ஒண்ணும் சொல்லல. நேர்ல கேட்டுட்டு வாறேன்னு வந்தேன்."

கொக்குகள் எழுந்து பறந்து மறுபடி இறங்கின. பூதலிங்கம் தூண்டில் மிதப்பைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். மிதப்பு சேற்றில் கிடந்தது.

"எனக்குத் தெரியல்ல மக்ளே" என்றான் ஜெயன். அது சத்தமாக வரவில்லை.

"என்ன?"

"எனக்குத் தெரியல்ல!"

வழக்கம் ஞாபகம் இருந்தது, அந்த வழக்கத்தில் தான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது மட்டும் மறந்துபோயிருந்தது. அதை எப்படிக் கத்திச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் நெற்றியைத் துடைத்தாள். ஆட்டோக்காரன் போகலாமா என்பதுபோல ஹாரன் அடித்தான். அவள் அவனைப் பார்த்துக் கையை அசைத்தாள். இரு என்றா, போ என்றா, அவனுக்கே புரியவில்லை. இருந்தான்.

"சோறு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"வச்சிருக்கேன்."

"என்ன?"

"கரிமீன். மரச்சீனியும் உண்டு."

பூதலிங்கம் எழுந்தார். கொஞ்ச நேரம் முன்பு சொன்னது அவரை உறுத்தியிருக்க வேண்டும். "எலேய், படகுல நீளமா கயிறு உண்டுமா?"

தூண்டிலைச் சுழற்றி எறிந்தார். முதல் தடவை தூண்டில் குண்டு சேற்றில் விழுந்தது. இரண்டாவது தடவை கூரையில் பட்டு நழுவியது. மூன்றாவது தடவை ஜெயன் தூண்டில் நரம்பைப் பிடித்துவிட்டான். ஆழம் அளக்கிற கயிற்றின் ஈயக்குண்டை அவிழ்த்துவிட்டு முனையை அதில் கட்டினான். பூதலிங்கம் ராட்டையைச் சுற்றினார். சிவப்பு முடிச்சுகள் ஒவ்வொன்றாகச் சேற்றின் மேல் நகர்ந்து கரைக்குப் போயின.

"வாழ்க்கையில இதுதான் எனக்குக் கெடச்ச பெரிய மீன்" என்றார் பூதலிங்கம்.

ஜெயன் பெரிய பிளாஸ்டிக் பேசினின் பிடியில் கயிற்றைக் கட்டினான். மறுபிடியில் இன்னொரு கயிறு, திரும்ப இழுக்க. டிபன் கேரியரில் சோறு, மீன்குழம்பு, வேகவைத்த மரச்சீனிக் கிழங்கு. ஒரு பாட்டில் குடிதண்ணீர். கிரீஷுக்கு என்று எடுத்து வைத்திருந்த வாழை இலையைக் கழுவிச் சுருட்டி மேலே வைத்தான். கரையிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் இழுத்தார்கள். பேசின் சேற்றில் வழுக்கிக்கொண்டு போனது. நடுவில் ஒரு குழியில் சரிந்தது. கயிற்றைத் தளர்த்தி மறுபடி இழுத்தார்கள். நிமிர்ந்தது. போனது.

ஆர்ஷா கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து மடியில் இலையை விரித்தாள். ஒரு வாய் எடுத்தாள். நிறுத்தினாள். குழம்பில் விரலை விட்டுத் துழாவினாள்.

"முள்ளு இல்ல" என்றாள்.

"என்ன?" என்று படகிலிருந்து கேட்டான் ஜெயன்.

"முள்ளே இல்லன்னு சொல்லுதா!" என்று பூதலிங்கம் கத்தினார். "கரிமீனுக்கு முள்ளெடுத்து எவன்டே கொழம்பு வைப்பான்? ஒருநாளு முழுக்க வேற சோலி இல்லியா ஒனக்கு?"

"இல்லே அண்ணாச்சி!"

பூதலிங்கமும் தின்றார். ஆட்டோக்காரனுக்கும் மரச்சீனி போனது. ஆர்ஷா தலையைக் குனிந்துகொண்டு தின்றாள். பாதியில் நிமிர்ந்தாள்.

"நீங்க தின்னாச்சா?"

"பொறவு."

"பொறவு வேண்டாம். இப்ப தின்னுங்க. நான் பாத்துட்டு இருக்கேன்."

அவன் பானை மூடியைத் திருப்பினான். மிச்சச் சோற்றைப் போட்டான். பழக்கத்தில் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தான். பிறகு எழுந்து திரும்பி, கரையைப் பார்த்து, சரிந்த தளத்தில் காலை ஊன்றி உட்கார்ந்தான். நடுவில் சேறு. இருவரும் தின்றார்கள். ஒருவர் மெல்லுவதை மற்றவர் பார்க்கிற தூரம் இல்லை. கை வாய்க்குப் போவது தெரிந்தது.

தின்று முடித்ததும் பூதலிங்கம் கைகழுவிக்கொண்டே கேட்டார். "ஆமா, துணி எங்கடே? சோறு போட்டா சேல குடுக்கண்டாமா? பேசினை இழு, வச்சு அனுப்பு."

ஜெயன் பேசினை இழுத்தான். உள்ளே போனான். அரிசி டிரம்மின் மூடியைத் திறந்தான். கையை முழங்கைவரை விட்டான். பிளாஸ்டிக் உறை விரலில் பட்டது. பாதி வெளியே இழுத்தான். அரிசி சரசரவென்று சரிந்தது.

அப்படியே நின்றான். இதையும் அனுப்பிவிட்டால் விருந்து முடிந்துவிடும். சோறு போட்டான், சேலை கொடுத்தான், சொந்தக்காரன் செய்ய வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. அடுத்தது அவன் வெள்ளைச் சட்டை போட்டுச் சர்ச்சில் மூன்றாவது பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.

உறையை மறுபடி உள்ளே தள்ளினான். மேலே அரிசியை மூடினான். மூடியை அழுத்தினான். வெளியே வந்தான்.

"துணி இல்லே" என்றான்.

பூதலிங்கத்துக்குச் சங்கடமாகிவிட்டது. "சரி விடு, படகுல இருக்கவன் எங்க போய் வாங்குவான்..."

"வாங்கியிருக்கேன். குடுக்கல்ல."

ஆர்ஷா கேரியர் அடுக்குகளைப் பூட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"மக்ளே! மாமாகிட்ட சொல்லு. அப்பா சோறு தந்தாரு. துணி தரல்லன்னு சொல்லு!"

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். தூரத்தில் முகம் தெரியவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பிறகு அவள் குனிந்து குடையை எடுத்தாள். கேரியரைத் திருப்பி அனுப்பாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோ திரும்பித் தோப்புக்குள் போய்விட்டது.

"கேரியர் போச்சேடே" என்றார் பூதலிங்கம்.

"போட்டும்."

அவர் கயிற்றை விட்டுவிட்டு, வாளியையும் தூண்டிலையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். ஜெயன் கயிற்றை இழுத்து, குடிதண்ணீரில் ஒரு குவளை எடுத்துச் சேற்றைத் துடைத்துக் காயப்போட்டான். வேறு தண்ணீர் இல்லை. பிறகு தண்ணீர்க் கேன்களைச் சரிவுக்கு எதிர்ப்பக்கம் நகர்த்தி வைத்தான். படகு நிமிரவில்லை. சேற்றில் அது வேலைக்காகாது என்று தெரிந்தும் எல்லாக் கேன்களையும் நகர்த்தினான்.

மூன்று மணிக்கு மேல் மேகம் விலகி வெயில் அடித்தது. போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். தென்னைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தபோது அடித்தது. தெரியாத நம்பர்.

"அளியா" என்றது குரல். மைத்துனனை அழைக்கிற அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தான். யோசுவா.

"ம்."

"பிள்ளை வந்தா. சொன்னா."

அந்தப் பக்கம் டயர்க் கடையில் காற்றடிக்கிற மோட்டாரின் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிறார்.

"துணி தரல்லியாமே."

"தரல்ல."

"வாங்கி வச்சிருக்கீராம்."

"ம்."

"எங்க வச்சிருக்கு?"

"அரிசிக்குள்ள."

யோசுவா இருமினார். சிரித்ததாகவும் இருக்கலாம். "பத்தொம்பது வருசம் நான் பாத்த பிள்ளையாக்கும்."

"தெரியும் அண்ணே."

"தெரிஞ்சா சரி." மோட்டார் நின்றது. "உமக்குச் சட்டை தைக்கக் குடுக்கணும். கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போறவருக்கு ரெடிமேடு வேண்டாம்னு பிள்ளை நிக்கா. தையக்காரன் நாளைக்கு மத்தியானத்துக்கு மேல துணி எடுக்க மாட்டான். கழுத்து, தோளு, கையி, மூணு அளவும் சொல்லும்."

"அளந்துட்டு விளிக்கேன்."

"விளியும். போன் ஆஃப் ஆயிடுச்சுன்னு சொல்லப்படாது."

ஜெயன் கயிற்றை எடுத்தான். முடிச்சுகளுக்கு நடுவே விரலால் கணக்கு வைத்துக்கொண்டான். கழுத்தை அளந்தான். கையை, தோள்மூட்டில் ஒரு முனையைத் தாடையால் அழுத்திக்கொண்டு, மணிக்கட்டுவரை அளந்தான். தோள்தான் முடியவில்லை. ஒரு முனையை இடது தோளில் வைத்து முதுகு வழியாக வலது தோளுக்கு இழுத்தால் இடது முனை நழுவியது. கூரைத் தூணில் தோளைச் சாய்த்து முனையை அழுத்திப் பார்த்தான். படகு சரிந்திருந்ததால் கால் வழுக்கியது. இன்னொரு முறை செய்தான். தோளை அளக்க இன்னொரு ஆள் வேண்டும்.

காலையில் கடல் ஏறும்போது சேற்றின் மேல் கொஞ்சம் தண்ணீர் வரும். கிரீஷ் யாருடைய வள்ளத்திலாவது வந்துவிடுவான். படகை ஏன் நகர்த்தினாய் என்று கத்துவான். கத்தி முடித்ததும் கேட்கலாம்.

கயிற்றைச் சுருட்டி வெங்காயப்பைக்குப் பக்கத்தில் மாட்டினான். இரண்டும் ஒரே பக்கமாகச் சரிந்து தொங்கின.